வில் ஸ்மித்தின் ‘கன்கஷன்’: எவ்வளவு நிஜம், எவ்வளவு சினிமா?

2025 ஜனவரி 4, மாலை — சும்மாபார்ப்பவன் கேட்டது

நேற்று ராத்திரி ‘கன்கஷன்’ பார்த்தேன். தூக்கமே வரவில்லை. ஒரு நைஜீரிய டாக்டர் தனி ஆளாக ஒரு புது வியாதியைக் கண்டுபிடிக்கிறார், அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் அவரை ஊரை விட்டே துரத்துகிறது. ஃபுட்பால் ஆடினவர்களில் 99 சதவீதம் பேருக்கு இந்த மூளை வியாதி இருக்கிறது என்று நிரூபித்துவிட்டார்களாமே? அப்புறம் எதற்கு இன்னும் ஆட விடுகிறார்கள்? அமெரிக்காவில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஜனவரி 4, இரவு 11.40 — பிட்ஸ்பர்க்வாசி

2015 கிறிஸ்துமஸுக்கு வந்த படம். வந்த வாரமே இங்கே பிட்ஸ்பர்க்கில் பார்த்தேன். அரங்கில் பாதிப் பேர் எங்கள் ஊர் என்எஃப்எல் அணி ஸ்டீலர்ஸின் ஜெர்சியில் உட்கார்ந்திருந்தார்கள். படம் எடுத்ததும் இந்த ஊரில்தான்.

மைக் வெப்ஸ்டர் சம்பந்தப்பட்டது பெரும்பாலும் நிஜம். 1974 முதல் 1988 வரை ஸ்டீலர்ஸின் சென்டர், பிறகு இரண்டு வருஷம் கான்சஸ் சிட்டி அணி. நாலு சூப்பர் பௌல், அதாவது லீக்கின் இறுதி ஆட்டம், ஜெயித்த மனுஷன். கடைசிக் காலத்தில் பிக்கப் வண்டியில் படுத்துத் தூங்கியது, கழன்ற பல்லை சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிக்கொண்டது, தூக்கம் வருவதற்காகத் தன் உடம்பிலேயே டேசர் கன்னால் ஷாக் வைத்துக்கொண்டது, எதுவுமே கதைக்காகச் சேர்த்தது இல்லை. 2002 செப்டம்பர் 24 அன்று இறந்தார். வயது 50. பிரேதப் பரிசோதனை செய்தவர் படத்தில் வரும் அந்த நைஜீரிய டாக்டர் பென்னட் ஒமாலு, அலெகனி கவுண்டி பிணவறையில். அதுவும் நிஜம்.

சினிமா எங்கே ஆரம்பிக்கிறது என்றால், யாரோ காரில் மனைவியைப் பின்தொடர்வது, அதனாலேயே கர்ப்பம் கலைவது, எஃப்பிஐ வந்து மிரட்டுவது, அங்கேதான். ஒமாலுவின் மேலதிகாரி சிரில் வெக்ட் மீது 2006 ஜனவரியில் 84 குற்றச்சாட்டு போட்டது உண்மை. ஆனால் அது அரசாங்க ஆபீஸ் ஆட்களையும் வசதிகளையும் சொந்தத் தொழிலுக்குப் பயன்படுத்தினார் என்ற வழக்கு. 2008-ல் ஜூரி முடிவுக்கு வரவில்லை, 2009-ல் தள்ளுபடி. படத்தைப் பார்த்தால் என்எஃப்எல்லே போன் போட்டுக் கைது செய்யச் சொன்ன மாதிரி இருக்கும்.

இன்னொன்று டேவ் டூயர்சன், முன்னாள் என்எஃப்எல் ஆட்டக்காரர். படத்தில் அவரை வில்லன் மாதிரி காட்டி, ஒமாலுவைக் கேவலமாகப் பேச வைத்திருக்கிறார்கள். குடும்பத்தார் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று ஆட்சேபித்தார்கள். அவரும் 2011 பிப்ரவரியில் அதே 50 வயதில், நெஞ்சில் சுட்டுக்கொண்டு செத்தார். தலையில் சுடவில்லை. மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுங்கள் என்று எழுதி வைத்திருந்தார். பரிசோதித்ததில் சிடிஇ, அதாவது நீங்கள் கேட்ட அந்த மூளை வியாதி, இருந்தது. அந்த மனுஷனைப் போய் வில்லனாக்கியது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஜனவரி 5, காலை

விட்டுப்போனது: ‘புது வியாதி’ இல்லை. குத்துச்சண்டைக்காரர்களுக்கு இது வரும் என்று 1928-லேயே ஹாரிசன் மார்ட்லண்ட் எழுதிவிட்டார். நியூ ஜெர்சியில் பிரேதப் பரிசோதனை டாக்டர், ஒமாலு செய்த அதே வேலை. 1973-ல் இங்கிலாந்தில் கோர்செல்லிஸ் குழு 15 குத்துச்சண்டைக்காரர்களின் மூளையை அறுத்துப் பார்த்து விவரமாகவே எழுதியது. சிடிஇ என்கிற பெயரும் ஒமாலு வைத்ததில்லை. ஒரு என்எஃப்எல் ஆட்டக்காரரின் மூளையைப் பார்த்து முதலில் பிரசுரித்தவர் அவர், 2005-ல். அதுவே பெரிய விஷயம்தான், அதற்கு மேல் ஏற்ற வேண்டியதில்லை.

ஜனவரி 6, இரவு

‘மூளையைப் பார்த்தால் நார்மலாகத்தான் இருந்தது என்கிறார்கள், அப்புறம் எப்படிக் கண்டுபிடித்தார்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இது என் ஏரியா. ஆஸ்பத்திரியில் ஹிஸ்டாலஜி லேபில் வேலை பார்க்கிறேன், அதாவது டாக்டர் அறுத்துக் கொடுப்பதை ஸ்லைடாக்கிக் கொடுக்கிற ஆள்.

புதிதாக எடுத்த மூளை கெட்டித்தயிர் மாதிரி இருக்கும், வைத்த பாத்திரத்தின் வடிவத்துக்குச் சரிந்துவிடும். அதனால் அடிப்பக்கம் ஓடும் ரத்தக்குழாய்க்கு அடியில் ஒரு நூலைக் கோத்து, ஃபார்மலின் வாளியில் தலைகீழாகத் தொங்க விடுவோம், தரையில் படாதபடி. இரண்டு வாரமாவது ஊற வேண்டும். பிறகு துண்டு போட்டு, பாரஃபின் மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் சீவுவோம். ஒரு சீவல் ஐந்து மைக்ரான் கனம்தான். வெந்நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் இல்லாமல் கண்ணாடியில் ஏந்த வேண்டும். மூச்சு விட்டால் பறக்கும்.

சாதாரண ஸ்டெய்னில் பெரிதாக ஒன்றும் தெரியாது. டௌ என்கிற புரதத்துக்கென்றே தனி ஸ்டெய்ன் உண்டு, அது போட்டால் பழுப்பு நிறத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். அல்சைமரிலும் டௌ உண்டு. சிடிஇயில் அது இருக்கும் இடம் வேறு: மூளை மடிப்புகளின் அடிப்பள்ளத்தில், சின்ன ரத்தக்குழாய்களைச் சுற்றி. அதிர்வு வரும்போது அதிகம் இழுபடுகிற இடம் அதுதான் என்கிறார்கள்.

படத்தில் எனக்குப் பிடித்த இடம் இது. பார்வைக்கு நன்றாக இருக்கும் மூளையை எடுத்து வைக்காமல், கைக்காசைப் போட்டு ஸ்லைடு செய்யச் சொல்கிறார் பாருங்கள். எந்த பட்ஜெட்டிலும் இதற்குப் பணம் கிடையாது. மெனக்கெட்டது பெருமைதான். ஆனால் ஒமாலு சொன்ன வரையறையும் பிற்பாடு நிபுணர் குழு ஒப்புக்கொண்ட வரையறையும் ஒன்றில்லை. இதை வைத்து அவரை விமர்சிக்கும் சக டாக்டர்கள் நிறையப் பேர்.

ஜனவரி 7

மரங்கொத்தி கேட்டவருக்கு. ஆமாம், படத்தில் வருகிறது: மரங்கொத்திக்கு இயற்கையே ஷாக் அப்சார்பர் வைத்திருக்கிறது, மனுஷனுக்கு வைக்கவில்லை என்று. கேட்க நன்றாக இருக்கும். 2018-ல் பாஸ்டன் ஆட்கள் மியூசியத்தில் இருந்த மரங்கொத்தி மூளைகளை எடுத்துப் பார்த்தால் 10-ல் 8-ல் டௌ. 2022-ல் பெல்ஜியத்துக்காரர்கள் வீடியோ எடுத்து அளந்து, மண்டையில் ஷாக் அப்சார்பரும் இல்லை ஒன்றும் இல்லை, இருந்தால் கொத்தும் விசைதான் வீணாகும் என்று எழுதிவிட்டார்கள். மூளை சின்னது, அதனால் தப்பிக்கிறது. அவ்வளவுதான்.

நம் சினிமாவை நக்கல் அடித்தவரே, ஒத்துக்கொள்கிறேன். நம்ம ஊரில் தலையில் கட்டை விழுந்தால் பழசு மறக்கும், க்ளைமாக்ஸில் இன்னொரு கட்டை விழுந்தால் திரும்ப வரும். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வில் ஸ்மித் படம் பாடப்புத்தகம்.

ஜனவரி 12, மதியம்

நேற்று ஸ்டீலர்ஸ் பால்டிமோரிடம் 28-14 என்று தோற்றது. அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது.

மேட்ச் பார்த்துக்கொண்டே யோசித்தது. படம் எதைக் காட்டுகிறது என்றால், இரண்டு பேர் ஓடி வந்து மோதுவது, ‘டமார்’ என்று சத்தம், ஸ்லோமோஷனில் தலை திரும்புவது. எல்லாம் பெரிய அடி. வெப்ஸ்டர் ஆடியது சென்டர். பந்தைக் காலிடுக்கில் பின்னால் கொடுத்த மறு நொடி எதிரில் நிற்பவன் மேல் பாய வேண்டும். ஒவ்வொரு ஸ்நாப்புக்கும். ஒருவரும் கீழே விழ மாட்டார்கள், ஸ்ட்ரெச்சர் வராது, டிவி திரும்பப் போட்டுக் காட்டாது. அப்படி 17 சீசன்.

என் அக்கா மகன் டெக்சாஸில் ஹைஸ்கூல் டீமில் ஆஃபென்சிவ் லைன், அதாவது வெப்ஸ்டர் மாதிரி முன்வரிசையில் முட்டுகிறவன். கோடையில் போனபோது பயிற்சிக்குக் கூட்டிப்போனான். ஆகஸ்ட் வெயில். பையன்கள் ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குந்துகிறார்கள். விசில். டக். எழுந்து திரும்ப வருகிறார்கள். விசில். டக். சத்தம் பெரிதில்லை, இரண்டு பிளாஸ்டிக் முட்டிக்கொள்வதுதான். ஒரு பையன் ஒவ்வொரு தடவையும் எழுந்ததும் ஹெல்மெட்டை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்துகொண்டான். கோச் கத்துகிறார், அப்பாமார் நாற்காலி போட்டு ஐஸ் டீ குடிக்கிறார்கள், நானும் குடித்தேன். அன்று சாயங்காலம் மேட்ச்சே கிடையாது. வெறும் செவ்வாய்க்கிழமை.

ஹெல்மெட்டில் சென்சார் வைத்த ஆய்வுகளில் கல்லூரி முன்வரிசை ஆட்டக்காரர்களுக்கு ஒரு சீசனில் நூற்றுக்கணக்கில் அடி, சிலருக்கு ஆயிரத்தைத் தாண்டும். 2023-ல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் 631 முன்னாள் ஆட்டக்காரர்களின் மூளையை வைத்து ஒரு கட்டுரை: எத்தனை தடவை கன்கஷன் (அடிபட்டு மூளை குலுங்கி மயக்கமோ குழப்பமோ வருவது) ஆனது என்பதற்கும் சிடிஇ வந்ததற்கும் தொடர்பு கிடைக்கவில்லை. மொத்தமாகத் தலை வாங்கிய விசைக்கும் சிடிஇக்கும்தான் தொடர்பு. அதற்கு முன்பே 2020-ல் ஒரு கணக்கு, ஒவ்வொரு வருஷம் கூடுதலாக ஆடுவதற்கும் சிடிஇ வாய்ப்பு 30 சதவீதம் ஏறுகிறது என்று.

மயங்கி விழுந்தவனைத் தூக்கிக்கொண்டு போய் கண்ணில் டார்ச் அடித்துப் பார்க்கும் விதிமுறையெல்லாம் நல்லதுதான். ஆனால் அது பாதிக் கதை. மீதிப் பாதி செவ்வாய்க்கிழமையில் இருக்கிறது. அதைப் படமெடுத்தால் யாரும் டிக்கெட் வாங்க மாட்டார்கள்.

ஜனவரி 13

அக்காவுக்கு இந்த இழையின் லிங்க் யாரோ அனுப்பிவிட்டார்கள். போன். “ஹெல்மெட் மாட்டிக்கிட்டுத்தானேடா ஆடுறான், நீ ஏன் எப்பப் பாத்தாலும் பிணவறைக் கதையே பேசுற?”

பொதுவாகவே பதில். ஹெல்மெட் மண்டை ஓடு உடையாமல் காப்பாற்றும். அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. 1905-ல் ஒரே சீசனில் குறைந்தது 18 பேர் செத்தார்கள், அதிபர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்ததும் அந்த வருஷம்தான். என்எஃப்எல் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியதே 1943-ல்தான். ஆனால் ஓட்டுக்குள் மூளை திரவத்தில் மிதக்கிறது. தலை சட்டென்று நின்றாலும் மூளை நிற்காது. வெளியே எத்தனை பஞ்சு வைத்தாலும் உள்ளே அது ஆடும், முறுகும். ஹெல்மெட் வந்தபின் தலையையே ஆயுதமாக முட்டக் கற்றுக்கொண்டார்கள் என்று பழைய கோச்சுகளே சொல்வார்கள்.

அக்கா, அத்தானிடம் காட்டாதே.

ஜனவரி 19

99 சதவீதம் கணக்கு. 2017 ஜூலை, ‘ஜாமா’ இதழ், பாஸ்டனில் ஆன் மெக்கீ குழு: 111 என்எஃப்எல் மூளைகளில் 110-ல் சிடிஇ. இதுதான் வாட்ஸப்பில் சுற்றுவது. யாருடைய மூளை அங்கே வந்தது? கடைசிக் காலத்தில் மறதி, கோபம், தள்ளாட்டம் என்று பார்த்து நொந்த குடும்பங்கள் கொடுத்த மூளை. நன்றாக இருந்து 85 வயதில் தூக்கத்தில் போனவரின் மூளையை எந்த வீட்டில் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள்? இதை அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். தலைப்பு போடுகிறவர்கள் அந்தப் பத்தி வரை வருவதில்லை.

அதற்காக ‘ஒன்றுமில்லை’ என்று எதிர்ப்பக்கம் ஓடவும் வேண்டாம். ஊரில் மற்றவர்களின் மூளையில் இது அபூர்வம். 99 இல்லை, அதில் பாதி என்றாலும், அதிலும் பாதி என்றாலும், வேறெந்தத் தொழிலில் இதைச் சம்மதிப்போம்?

பிப்ரவரி 10, காலை

நேற்று சூப்பர் பௌல். ஈகிள்ஸ் 40, சீஃப்ஸ் 22. நண்பர் வீட்டில் பத்துப் பதினைந்து பேர், மெதுவடை, விங்ஸ், சல்சா. பந்து பிடிக்கிற ரிசீவர் ஒருவரைச் சாய்த்தபோது எல்லோரும் ‘ஓ’ என்றோம், நானும்தான். இந்த இழையில் இவ்வளவு எழுதிவிட்டு. அடுத்த வருஷமும் பார்ப்பேன்.

படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். போன மாதம் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டதாகத் தோன்றியது, அதனால். இந்தத் தடவை வெப்ஸ்டராக வரும் டேவிட் மோர்ஸ் இன்னும் நன்றாக இருந்தார். 1997-ல் சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் மேடையில் வெப்ஸ்டர் இருபது நிமிஷத்துக்கு மேல் தொட்டுத் தொட்டுத் தாவிப் பேசினாரே, அதைப் படம் ஆரம்பத்திலேயே வைத்திருக்கிறது. வில்லன் பகுதி இந்தத் தடவையும் எடுபடவில்லை. லூக் வில்சன் என்எஃப்எல் கமிஷனராக வந்து நின்றுவிட்டுப் போகிறார். படத்தை எடுத்த சோனி நிறுவனம் ஹேக் ஆனபோது வெளியான மின்னஞ்சல்களை வைத்து, என்எஃப்எல்லைச் சீண்டாமல் கதையை மழுப்பினார்கள் என்று 2015-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. இயக்குநர் மறுத்தார். எனக்கென்னவோ, காரில் துரத்தும் சீனுக்குக் கொடுத்த நேரத்தைக் காகிதங்களுக்குக் கொடுத்திருக்கலாம்.

காகிதம் என்றால் இது. 1994-ல் என்எஃப்எல் தலைக்காயத்துக்கு என்று ஒரு கமிட்டி போட்டது. தலைவர் எலியட் பெல்மன். மூட்டுவாத டாக்டர்! மூளைக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி இல்லை. ‘நியூரோசர்ஜரி’ இதழில் அவர்கள் வரிசையாக, ஒன்றும் ஆபத்தில்லை என்கிற தோரணையில் கட்டுரை போட்டார்கள். இதழின் ஆசிரியர் நியூயார்க் ஜயண்ட்ஸ் என்கிற என்எஃப்எல் அணிக்கு ஆலோசகர். ஒமாலுவின் கட்டுரை வந்ததும் அதே இதழில்தான். அதைத் திரும்பப் பெறு என்று கமிட்டி ஆட்கள் கடிதம் எழுதினார்கள்.

இதில் வயிறு எரிகிற விஷயம் வேறு. 1999-லேயே, அதாவது வெப்ஸ்டர் உயிரோடு இருக்கும்போதே, லீக்கின் ஓய்வூதியக் குழு அவர் முழு ஊனமடைந்தவர், காரணம் ஆட்டத்தில் தலையில் பட்ட அடி என்று ஒப்புக்கொண்டு பணம் அனுமதித்திருக்கிறது. ஒரு மேசையில் ‘ஆமாம்’ என்று கையெழுத்து, இன்னொரு மேசையில் ‘ஆதாரமில்லை’ என்று கட்டுரை. லீக்கின் பெரிய அதிகாரி ஒருவர் வாய் திறந்து ஃபுட்பாலுக்கும் சிடிஇக்கும் தொடர்பு உண்டு என்று சொன்னது 2016 மார்ச்சில், நாடாளுமன்ற விவாதக் கூட்டத்தில். படம் வெளியாகி மூன்று மாதம் கழித்து.

பிப்ரவரி 10, இரவு

நஷ்டஈடு பற்றிக் கேட்டவருக்கு. வழக்குப் போட்ட முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு என்எஃப்எல் 2013-ல் 76.5 கோடி டாலர் என்று பேசி, பிறகு உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். 2015 ஏப்ரலில் நீதிபதி ஒப்புதல். அதற்குள்ளேயும் ஒரு கூத்து. மூளைத்திறன் சோதனையில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு ஆரம்ப மதிப்பெண்ணே குறைவு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். ஆரம்பமே குறைவென்றால் ‘திறன் குறைந்துவிட்டது’ என்று காட்டுவது கஷ்டம், பணமும் கிடைக்காது. 2020-ல் இரண்டு முன்னாள் ஆட்டக்காரர்கள் வழக்குப் போட்ட பிறகுதான் அந்த முறையைக் கைவிட ஒப்புக்கொண்டார்கள். நாயகன் நைஜீரியர், லீக்கில் பெரும்பான்மை கறுப்பினத்தவர். இரண்டாம் பாகம் எடுப்பவர்களுக்கு முதல் சீன் இலவசம்.

பிப்ரவரி 16

‘நல்லவேளை, எங்கள் வீட்டில் சாக்கர்தான்’ (நம்ம ஊர் கால்பந்து) என்றவருக்கு. ஜெஃப் ஆஸ்டல், இங்கிலாந்தின் வெஸ்ட் ப்ராம் அணி ஆட்டக்காரர், தலையால் முட்டிக் கோல் போடுவதில் கில்லாடி. 2002 ஜனவரியில் 59 வயதில் போனார், வெப்ஸ்டருக்கு எட்டு மாதம் முன்பு. ‘தொழில் நோய்’ என்று விசாரணையில் எழுதினார்கள். 2014-ல் மூளையைத் திரும்பப் பார்த்ததில் சிடிஇ. 2019-ல் கிளாஸ்கோ ஆய்வு: 7,676 ஸ்காட்லாந்து முன்னாள் ஆட்டக்காரர்கள், மறதி முதலான மூளைச் சிதைவு நோய்களால் சாவது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு. மற்ற பல நோய்களால் சாவது அவர்களுக்குக் குறைவு, அதையும் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் தலையால் முட்டக்கூடாது என்று 2015-லேயே சாக்கர் சங்கம் சொல்லிவிட்டது. உங்கள் பையன் கோச்சுக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

பிப்ரவரி 17

கேரம் பாதுகாப்பானதா என்று கேட்ட மகானுபாவரே, விரல் நகம் பத்திரம்.

ஜூலை 30

இழை தூங்கிவிட்டது என்று நினைத்தேன். நியூயார்க் செய்தி பார்த்திருப்பீர்கள். முந்தாநாள் பார்க் அவென்யூவில் என்எஃப்எல் அலுவலகம் இருக்கும் கட்டடத்தில் துப்பாக்கிச் சூடு, நாலு பேர் செத்தார்கள், அதில் ஒருவர் போலீஸ்காரர். சுட்டவனுக்கு 27 வயது, ஹைஸ்கூலோடு ஃபுட்பால் விட்டவன். எனக்கு சிடிஇ இருக்கிறது, மூளையைப் பாருங்கள் என்று அவனிடம் ஒரு சீட்டு. தப்பான லிஃப்டில் ஏறி வேறு ஆபீஸுக்குப் போயிருக்கிறான்.

‘வியாதிதான் சுட வைத்தது’ என்று இங்கே இரண்டு பேர் எழுதியாகிவிட்டது. தயவுசெய்து நிறுத்துங்கள். ஸ்லைடு யாரும் பார்க்கவில்லை இன்னும்.

செப்டம்பர் 27

நேற்று பிரேதப் பரிசோதனை அலுவலகம் அறிவித்துவிட்டது: சிடிஇ இருந்தது, ஆரம்ப நிலை. ‘நான் அன்றைக்கே சொன்னேன்’ கோஷ்டிக்கு: இப்போதும் அதே பதில்தான். மூளையில் டௌ இருப்பது ஒன்று, அதனால்தான் துப்பாக்கி எடுத்தான் என்பது வேறு. ஆரம்ப நிலை சிடிஇயோடு வேலைக்குப் போய்க் குழந்தை வளர்த்துக்கொண்டு எத்தனை பேர் இருக்கிறார்களோ, அவர்களை யார் எண்ணுவது. செத்த நாலு பேரின் வீட்டில் இதைப் படித்தால் என்ன ஆறுதல் என்று எனக்குப் புரியவில்லை.

என்னைத் தொந்தரவு செய்வது ‘ஹைஸ்கூல்’ என்கிற வார்த்தை.

அக்கா மகன் இந்த வருஷமும் ஆடுகிறான். அக்காவே போன் செய்து கேட்டாள், இந்தத் தடவை பிணவறைப் பேச்சு என்று திட்டவில்லை. என்ன செய்யலாம் என்றாள். நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவனுக்கு 17 வயது, அந்த டீம்தான் அவன் உலகம். கோச்சைக் கேட்கச் சொன்னேன்: வாரத்தில் எத்தனை நாள் முழு மோதல் பயிற்சி? என்எஃப்எல்லே 2011 ஒப்பந்தத்தில் சீசனுக்கு 14 நாள்தான் பேடு போட்ட பயிற்சி என்று குறைத்துவிட்டது. ஹார்வர்டு, யேல் முதலான பல்கலைக்கழகங்களின் ஐவி லீக் 2016-ல் சீசன் நடக்கும்போது பயிற்சியில் ஆளைச் சாய்க்கும் டேக்கிளே வேண்டாம் என்று எடுத்துவிட்டது. பெரியவர்களுக்கே அப்படி என்றால் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு எதற்கு? அத்தான் கேட்கப் போயிருக்கிறார். கோச் ‘மைண்ட்செட்’ பற்றிப் பேசி அனுப்பிவிட்டாராம். திரும்பப் போகிறார்.

அக்டோபர் 5

தனிமடலில் மூன்று பேர் ஒரே கேள்வி: உயிரோடு இருக்கும்போதே ஸ்கேனில் சிடிஇ கண்டுபிடிக்கலாமாமே, எங்கே எடுக்கலாம்? எங்கேயும் முடியாது, இன்றைய தேதியில். டௌவைக் காட்டும் பெட் ஸ்கேன் ஆராய்ச்சியில் இருக்கிறது, சிடிஇ என்று உறுதி சொல்லும் அளவுக்கு வரவில்லை. உறுதி செய்வது இன்னும் என் மைக்ரோடோம் மாதிரி ஒன்றில்தான், ஆள் போன பிறகு. யாராவது பணம் வாங்கிக்கொண்டு ‘உங்களுக்கு சிடிஇ இருக்கிறது’ என்று ரிப்போர்ட் கொடுத்தால் வாங்காதீர்கள்.

ஆனால் தலைவலி, தூக்கமின்மை, மன அழுத்தம், மறதி, இதற்கெல்லாம் பார்க்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள், மருந்தும் இருக்கிறது. சிடிஇயாகத்தான் இருக்கும் என்று தானே முடிவு கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவதுதான் அதைவிட மோசம். நியூரோ டாக்டரிடம் நேரம் வாங்குங்கள். போகும்போது எத்தனை வருஷம் ஆடினீர்கள், எந்த பொசிஷன் என்று எழுதிக்கொண்டு போங்கள், அவர்கள் கேட்பார்கள்.